ஏழாம் நம்பர் பீம்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டால், "எழுதுங்க சார், அதுல என்ன இருக்கு" என்றுதான் சொல்வார். அதனாலேயே கேட்கவில்லை.

கொடைக்கானலில் நாங்கள் வேலை செய்த இடங்களில் எல்லோருக்கும் அவர் ‘டிசைன் மேடம்’. சென்ட்ரிங் அடிப்பவர்களும் மணல் லாரி ஓட்டுபவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் மேடம் என்பேன், அவர் என்னைச் சார் என்பார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். நான் டிப்ளமா முடித்துவிட்டு வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். அறை எங்கே, ஜன்னல் எங்கே என்று பிளான் போடுவது நான். அந்த வீடு நிற்பதற்கு எத்தனை தூண் வேண்டும், பீம் எத்தனை அங்குல உயரம், அதற்குள் எத்தனை கம்பி, எந்தக் கனத்தில் என்று கணக்குப் போட்டுத் தருவது அவர். எட்டு வருஷம் இப்படி ஒன்றாக வேலை பார்த்தோம்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: எங்கே என்ன தப்பு நடந்தாலும், அது முதலில் தன் தப்பாக இருக்குமோ என்றுதான் அவர் பார்ப்பார்.

வில்பட்டியில் ஒரு வீடு. படிக்கட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர் சாயங்காலம் அவருக்குப் போன் போட்டு, "மேடம், நீங்க வரைஞ்சபடி கட்டுனா கம்பி எதுவும் சேரல, தப்பா வருது" என்றிருக்கிறார். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் அவர் வந்து நின்றார். மூடுபனியில் குடையும் கையுமாக. நான் போய்ச் சேரும்போது, "என் தப்பாத்தான் இருக்கும்ணே, காட்டுங்க" என்று குனிந்து கொண்டிருந்தார். கம்பி கட்டுபவர் காட்டினார். படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அங்கிருந்த எல்லோரும் சிரித்தோம். கம்பி கட்டுபவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "எது மேல், எது கீழ்னு நான் போடலயே" என்றார். அதற்குப் பிறகு அவர் கொடுத்த ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு பெரிய அம்புக்குறி இருக்கும். பக்கத்தில் ‘மேலே’ என்று தமிழில், பையன்கள் சுவரில் எழுதுகிற அளவுக்குப் பெரிதாக.

கணக்கை அவர் இரண்டு தடவை போடுவார். முதலில் கம்ப்யூட்டரில். பிறகு வீட்டில், கட்டம் போட்ட நோட்டில், கையால். கையால் போடும்போது முதல் கணக்கின் விடையைப் பார்க்கமாட்டார். வேறு வழியாகத் தொடங்கி வருவார். மொட்டை மாடியிலிருந்து இறங்கினால் மறுதடவை அஸ்திவாரத்திலிருந்து ஏறுவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது. இதனால் எனக்கு எரிச்சல். ஒரு சின்ன வீட்டுக்குக்கூட ஒரு வாரம் ஆக்குவார். வெரசாக் கொடுங்க மேடம் என்று நான் நச்சரிப்பேன். "குடுத்துருவேன் சார். ஒரு தடவை பார்த்துட்டு" என்பார். அந்த ஒரு தடவை எப்போதும் மூன்று நாள்.

அவர் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. அம்மா அங்கே தேயிலை பறித்தவர். இங்கே வந்து கேரட் காட்டில் கூலிக்குப் போய் இவரைப் படிக்க வைத்தார். மூஞ்சிக்கல்லில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் இருவரும் இருந்தார்கள். நான் படம் வாங்கப் போனால், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்பார் அம்மா. பிரட்டை அந்த வீட்டில் இன்னும் பாண் என்றுதான் சொன்னார்கள். மேசைமேல் கட்டம் போட்ட நோட்டு விரித்துக் கிடக்கும். தட்டை வைக்க இடம் இருக்காது. மடியில் வைத்துச் சாப்பிடுவோம்.

பூந்தொட்டி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஏரிக்குப் போகிற வழியில் ஒரு தம்பதிக்கு நாங்கள் கட்டிக் கொடுத்த வீட்டில் முன்பக்கம் ஒரு சின்ன பால்கனி உண்டு. ஒரு வருஷம் கழித்து அந்த வழியாக நடந்து வந்த மேடம் ரோட்டிலேயே நின்றுவிட்டார். பால்கனி நிறைய ஜெரேனியம் தொட்டிகள். சுற்றிலும் மூன்று வரிசை, நனைந்த மண்ணோடு. அப்படியே காய்கறிக் கடைக்குப் போய் ஒரு தொங்குதராசைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். ஒரு தொட்டியை நிறுத்தார். தொட்டிகளை எண்ணினார். வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். தாங்கும் என்று வந்தது. தாராளமாகத் தாங்கும்.

"அப்புறம் என்ன மேடம்?" என்றேன் நான்.

"தாங்கும் சார். ஆனா நான் கேக்கவே இல்லயே. கொடைக்கானல்ல பூந்தொட்டி வைக்காத வீடு எது? முதல்லயே யோசிச்சிருக்கணும்ல."

அதற்குப் பிறகு எல்லாப் பால்கனிக்கும் பூந்தொட்டியின் எடையைச் சேர்த்தார். வீட்டுக்காரர்களிடம் அவர் கேட்கும் கேள்விகளும் கூடின. மாடியில் தண்ணித் தொட்டி எத்தனை லிட்டர், விசேஷம் வைத்தால் எத்தனை பேர் ஏறுவீர்கள், பின்னால் மேலே ஒரு அறை கட்டும் எண்ணம் உண்டா. சிலர் சலித்துக்கொள்வார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தம்மாவுக்கே அவங்க கணக்கு மேல நம்பிக்கை இல்ல போலயே" என்றார். "அது அவங்க பழக்கம்ங்க" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் பழக்கம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வேலை நடக்கும் இடத்தில் ஏதாவது கோணலாகப் போனால் நான் வாய் திறப்பதற்குள் அவர், "படத்துலதான் ஏதோ விட்டிருப்பேன்" என்று நோட்டைத் திறந்துவிடுவார். இரண்டு மூன்று தடவை அது என் தப்பு. தூணின் இடத்தை நான் மாற்றிக் குறித்திருந்தேன். ஒரு தடவை பழைய படத்தை வேலையாளிடம் கொடுத்துவிட்டேன். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, "சரியாயிருச்சு மேடம், விடுங்க" என்பேன். சின்ன விஷயங்கள்தான். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்படித்தான் எனக்குப் பழகியது.

பள்ளங்கியில் மதுரைக்காரர் ஒருவருக்குக் காட்டேஜ் கட்டினோம். நல்ல மனுஷர். விருந்தாளிகள் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருபத்திரண்டு அடி அகலத்துக்கு ஒரே கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்று ஆசைப்பட்டார். நடுவில் தூண் கூடாது. அந்த ஜன்னலுக்கு மேலே போகும் பீமுக்குப் படத்தில் ஏழாம் நம்பர். மாடி அறையின் தளத்தையும் சுவரையும் அது தாங்க வேண்டும். மேடம் பதினெட்டு அங்குல உயரம் கொடுத்திருந்தார்.

கான்கிரீட் ஊற்றப் பலகை கட்டி சென்ட்ரிங் அடித்து முடித்த அன்று வீட்டுக்காரர் வந்து உள்ளே நின்று பார்த்தார். "எதிர்மலை உச்சியை இந்தப் பலகை வெட்டுதே தம்பி. கொஞ்சம் மேல ஏத்த முடியுமா?"

"எவ்வளவுங்க?"

"நாலு இஞ்ச் ஏத்துனாப் போதும், முழுசாத் தெரியும்."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அது வீட்டுக்காரர் கேட்கிற கேள்விதான். பதில் சொல்ல வேண்டியவர் மேடம். போன் என் சட்டைப்பையில் இருந்தது. மழை இறங்குவதற்குள் கான்கிரீட் போட வேண்டும், சென்ட்ரிங் ஆட்கள் அதை முடித்துவிட்டு வேறு சோலிக்குப் போக வேண்டும். மேடத்தைக் கேட்டால் மூன்று நாள் என்பார். "பண்ணிரலாம்ங்க" என்றேன்.

கம்பி கட்டுபவரிடம், பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கையெல்லாம் நாலு இஞ்ச் குறைத்து வளைக்கச் சொன்னேன்.

"மேடத்துக்கிட்ட கேட்டுட்டீங்களாண்ணே?"

"கேட்டாச்சு."

அடியில் ஒரு பதினாறு எம்.எம். கம்பி கூடுதலாகப் போடச் சொன்னேன். அதனால் பலம் ஈடுகட்டிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடைந்து விழாது என்பது ஒன்று, தொய்யாது என்பது இன்னொன்று. டிப்ளமா முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம் அது. பீமின் உயரத்தில் ஏறக்குறையக் கால்பங்கைக் குறைத்தால் அதன் விறைப்பு பாதியாகிவிடும். எனக்குத் தெரியும். மறுநாள் மேடத்திடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் கான்கிரீட் போட்டோம். அதற்கு மறுநாள் சொன்னால் திட்டுவாரோ என்று தோன்றியது. அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் ஒன்றுமில்லை. கான்கிரீட் மெதுவாகத்தான் தொய்யும். காட்டேஜில் சமைப்பதற்கும் கூட்டுவதற்கும் பள்ளங்கியிலிருந்தே பாண்டியம்மா என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவள் அந்தக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அது மேலிருந்து கீழாகப் பிளந்தது. தொய்ந்த பீம் அலுமினியச் சட்டத்தை எத்தனை நாளாக அழுத்திக்கொண்டிருந்ததோ. ஒரு பெரிய துண்டு சரிந்து அவளுடைய வலது முன்கையைக் கிழித்தது. மதுரைக்குக் கொண்டுபோய் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். கை பிழைத்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்காமல் போயின.

வீட்டுக்காரர் போனில் கத்தினார். "யாருய்யா அந்த பீமுக்கு டிசைன் போட்டது?"

"மேடம்தாங்க" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். பொய்யே கலக்காமல் ஒருவரைக் கொல்ல முடிகிறது.

ஆஸ்பத்திரிக்கு நானும் மேடமும் சேர்ந்து போனோம். நான் ஒரு பை ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டேன். பாண்டியம்மா கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். மேடம் கட்டில் ஓரத்தில் நின்று, மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அந்த பீமுக்குக் கணக்குப் போட்டது நான்தான். எங்கயோ தப்பு விட்டிருக்கேன். என்னை மன்னிச்சிருங்க."

பாண்டியம்மாவுக்கு மருந்து மயக்கம். "கண்ணாடி ஒடைஞ்சதுக்கு நீ என்னம்மா பண்ணுவ" என்றாள்.

"இல்லக்கா. என்னாலதான்."

அவர் அழுதார். நான் பழப்பையோடு பக்கத்தில் நின்றேன். அதை எங்கே வைப்பதென்று தெரியாதவன் போல அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மா இனிமே என் இடத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதை மேடத்திடம் சொல்ல வேண்டியதும் நான்தான். சொன்னேன். தலையாட்டினார். மூன்று நாள் கழித்துப் போன் செய்தார்.

"சார், கணக்குல எதுவும் கெடைக்கல. ஒரு உதவி. நீங்க போயி அந்த பீமை ஒரு தடவை அளந்து சொல்லுறீங்களா? பீமை மறைச்சு அடிச்சிருக்க மரப்பலகையை மட்டும் கழட்டிட்டு."

போனேன். பீமுக்கு அடியில் ஏற்கெனவே இரும்பு முட்டுகளைக் கொடுத்து, எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்றும் அளந்து மேடத்திடம் சொல்லியிருந்தோம். ஏணியில் ஏறிப் பலகையைக் கழற்றி டேப்பை வைத்தேன். பதினான்கு. நான் எதை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. ஏணியில் நின்றபடியே அவரைக் கூப்பிட்டேன்.

"பதினெட்டு இருக்கு மேடம்."

"சரியா பதினெட்டா சார்?"

"நூல் பிசகல."

"அப்ப என் கணக்குதான்" என்றார். "சிரமப்பட்டு ஏறியிருக்கீங்க. பார்த்து இறங்குங்க சார்."

அதற்குப் பிறகு அவர் வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. நோட்டு வாங்கிக்கொண்டே இருந்தார். திண்டுக்கல்லில் தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் போய்க் காட்டினார். தப்பே இல்லையென்று அவர் சொன்னதும் இவருக்கு இன்னும் கலக்கமாகிவிட்டது. "அவர் கண்ணுக்கும் படலன்னா அது எப்பேர்ப்பட்ட தப்பா இருக்கும் சார்?" என்று என்னிடமே கேட்டார். சிமெண்டைச் சந்தேகப்படலாமே, கம்பியைச் சந்தேகப்படலாமே, அளந்தவனைச் சந்தேகப்படலாமே. அதெல்லாம் அவருக்குத் தோன்றுவதற்கு முன்னால் தன்னைப் பற்றிய சந்தேகம் வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, சாப்பாடு கொண்டுபோனா தட்டு மேலயே எழுதுது. நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார்.

நான் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு நடுவில் இரண்டு இரும்புத் தூண் நிறுத்தி, பீமுக்கு அடியில் கர்டர் என்கிற இரும்பு உத்தரம் ஒன்று கொடுத்துத் தாங்குவதென்று முடிவானது. அந்த டிசைனையும் மேடம்தான் போட்டுக் கொடுத்தார். தன் தப்புக்குத் தான்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம். கர்டர் அவ்வளவு கனமாக எதற்கு என்று கேட்டேன்.

"அந்த பீமே அங்க இல்லன்னு வச்சுக்கிட்டேன் சார். என் கணக்கை இனி நம்ப முடியாதுல்ல."

அதனால்தான் என் பொய்யால் அந்தக் கூடத்துக்கு வேறு ஆபத்து வரவில்லை. இன்றும் அது அசையாமல் நிற்கிறது. எதிர்மலை மூன்று துண்டாகத் தெரிகிறது.

அந்தப் படத்தை என்னிடம் கொடுத்த அன்று, "இனிமே டிசைன் வேண்டாம் சார்" என்றார். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு கீழே போய்விட்டார். சாமான் ஏற்றிய வேனுக்கு நான்தான் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தேன்.

ஆறு வருஷம் போனது. எனக்கு வேலைக்குக் குறைவில்லை. வேறொருவர் டிசைன் போட்டுத் தருகிறார். இரண்டே நாளில் கொடுத்துவிடுகிறார். எதுவும் கேட்பதில்லை.

போன சித்திரையில் ஒரு நிலப் பத்திர விஷயமாக அய்யம்பாளையம் போனேன். விண்ணப்பம் போட இ-சேவை மையத்துக்குள் நுழைந்தால், கம்ப்யூட்டருக்குப் பின்னால் மேடம். முன்தலை நரைத்திருந்தது. ஒரு கிழவரிடம், "பொறுங்கய்யா, பேர்ல எழுத்து சரியா இருக்கான்னு இன்னொரு தடவை பார்த்துக்கறேன், நான் மாத்தி அடிச்சிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். "சார்! வாங்க, வாங்க. எவ்வளவு நாளாச்சு!" பக்கத்துக் கடையில் டீ சொன்னார். அம்மா போன வருஷம் தவறிவிட்டதைச் சொன்னார். என் மகளின் படிப்பை விசாரித்தார். கூட்டம் குறைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ ரகசியத்தைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"சார், உங்ககிட்டதான் சொல்ல முடியும். எனக்கு இன்னும் அந்தத் தப்பு கெடைக்கல. ஞாயித்துக்கெழமை லீவுல, நோட்டை எடுத்துக்கிட்டு உக்காந்திருவேன். இப்ப பதினோராவது நோட்டு."

கையிலிருந்த டீயை மேசையில் வைத்தேன். "மேடம், அந்த பீம் பதினாலு இஞ்ச்."

அவருக்குப் புரியவில்லை. "எது சார்?"

"நான்தான் குறைச்சேன். உங்களைக் கேக்காம. நீங்க அளக்கச் சொன்னப்பவும் பதினாலுதான் இருந்துச்சு. பதினெட்டுன்னு பொய் சொன்னேன்."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பேனாவை எடுக்கும் சத்தம் கேட்டது.

"அடியில கம்பி கூட்டுனீங்களா?"

"ஒண்ணு. பதினாறு எம்.எம்."

ஒரு விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ஐந்து நிமிஷம் இருக்கும். நடுவில் யாரோ ஆதார் அட்டையோடு வந்தார்கள், கையைக் காட்டி உட்காரச் சொன்னார். எழுதி முடித்து, விடைக்குக் கீழே கோடு போட்டார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்ட குழந்தையின் முகம் போல இருந்தது.

"சரியா வருது சார். எவ்வளவு தொஞ்சுச்சோ அவ்வளவே வருது."

அது கொஞ்ச நேரந்தான். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த நாலு இஞ்சை மாடித் தளத்துக்கு மேல ஏத்தியிருக்கலாமே சார்" என்றார். "மேல சுவர்தானே வருது. சுவருக்குள்ள மறைஞ்சிருக்கும். மலையும் தெரிஞ்சிருக்கும். போன்லயே சொல்லியிருப்பேனே."

மூன்று நாள் ஆகும் என்று நான் பயந்தது, போனில் சொல்லக்கூடிய ஒரு பதில். இதை நான் யோசித்ததே இல்லை. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட.

"மன்னிச்சிருங்க மேடம்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன சார்?" குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "பாண்டியம்மாக்கா கையைப் பிடிச்சு நான்தான்னு சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தீங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க." பிறகு ஆதார் அட்டைக்காரரைக் கூப்பிட்டார். "நீங்க வாங்கம்மா."

என் விண்ணப்பத்தைப் போடாமலே எழுந்து வந்தேன்.

பள்ளங்கி என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். போவதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பாண்டியம்மா வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து, பறித்த மலைப்பூண்டைக் காயப்போட்டிருந்தாள். இடது கையால் பூண்டின் தாளைத் திருகிப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆரு? காட்டேஜ் ஆளா?"

"ஆஸ்பத்திரிக்கு டிசைன் மேடம் வந்தப்ப, கூட வந்தேன்."

"அந்தப் புள்ளயோடயா?" முகம் மலர்ந்தது. "அது வருசா வருசம் வந்துருமே. போன தடவை ஒரு ரப்பர் பந்து கொண்டாந்து குடுத்துட்டு, அமுக்குங்கக்கா, அமுக்குங்கக்கான்னு ஒரே நச்சு. சாப்பிடச் சொன்னா மட்டும் சாப்பிடாது. தண்ணியைக் குடிச்சிட்டு ஓடிரும். நீங்க இந்த மலைலதானா?"

ஆமாம் என்றேன். ஆறு வருஷமும் இந்த மலையில்தான். மேடம் கீழே அய்யம்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

நின்றபடியே சொன்னேன். பீமை, ரிங்கை, அளந்ததை, போனில் சொன்னதை. அவள் கை நின்றது.

"நாலு இஞ்ச்னா எம்புட்டு?"

விரலை அகட்டிக் காட்டினேன். அதையே பார்த்தாள்.

"அன்னைக்கு அந்தப் புள்ள எங்கிட்ட அழுதப்ப, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சு நின்னியா?"

"நின்னேன்."

அவள் கையைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "அந்தப் புள்ள நம்பர் இருக்கா? போட்டுக் குடு" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். என் பெயரைப் பார்த்து அவர் எடுக்காமல் போவாரோ என்று நினைத்தேன். எடுத்துவிட்டார்.

"ஏத்தா, நாந்தான், பாண்டியம்மா. இந்தாளு வந்துருக்கான். சொன்னான், எல்லாத்தையும் சொன்னான்." கேட்டுக்கொண்டிருந்தாள். "அழுகாத. ஏன் அழுகுற? நீ வர்ற ஞாயித்துக்கெழமை வா. நோட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கோழி அடிச்சு வைக்கிறேன், இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். என்ன? ஆங், வெள்ளனே வந்துரு."

போனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். துண்டிக்கப்பட்டிருந்தது.

மலை மேலிருந்து தூறல் இறங்கியது. காயப்போட்ட பூண்டு நனைந்தால் வீண். அவள் எழுந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். மறுமுனை கல்லில் சிக்கியது. வலது கையின் மடங்காத விரல்களை வைத்துத் தூக்கப் பார்த்தாள். நான் குனிந்து அந்த முனையைப் பிடிக்கப் போனேன்.

"வேணாம்" என்றாள். "நீ விடு."